நர்சிங் படிப்பில் பொம்மைப் பயிற்சி: உதவுமா, கண்காட்சியா?

கேள்வி: காங்கயம் வாசகர் | ஜூன் 8, 2025

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பி.எஸ்சி நர்சிங் சேர்க்க வேண்டும். பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரி, அவினாசி தாண்டி ஒரு கல்லூரி பார்த்தோம். முதல் இடத்தில் ஏசி ஹாலில் வரிசையாகப் பொம்மைகளைப் படுக்க வைத்து, சிமுலேஷன் லேப் என்று சுற்றிக் காட்டினார்கள். பொம்மை கண் சிமிட்டுகிறது, மூச்சு விடுகிறது, இருமுகிறது. இரண்டாவது இடத்தில் லேப் சுமார்தான், ஆனால் சொந்த ஆஸ்பத்திரி நிரம்பி வழிகிறது. என் மச்சினிச்சி 25 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். அவர் படித்த காலத்தில் பொம்மையும் இல்லை, ஒன்றும் இல்லை, முதல் வருஷமே வார்டில் இறக்கிவிட்டார்களாம். நீச்சலைக் கிணற்றில்தான் பழக முடியும், கட்டாந்தரையில் அல்ல. பொம்மையெல்லாம் ஃபீஸ் ஏற்றுவதற்கான கண்காட்சி என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பதில் | ஜூன் 8, இரவு

கிணற்றில்தான் பழகினோம், சரி. ஆனால் இடுப்பில் மிதவையாகச் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்காய்) கட்டித்தானே இறக்கினார்கள்?

நான் ஈரோட்டுப் பக்கம் கேசுவாலிட்டியில் பல வருஷம் இருந்துவிட்டு, இப்போது ஒரு கல்லூரியில் ஸ்கில் லேப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் என் பேச்சில் சொந்தச் சரக்கை விற்கும் வாடை அடிக்கலாம். கழித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சினிச்சி படித்த மாதிரிதான் நானும் படித்தேன். வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் போடும் ஊசிக்குழாய்) போடப் பழகியது வயதான ஒரு அம்மாயியின் கையில். சர்க்கரை வியாதி, நரம்பு தடவினாலும் தட்டாது. நாங்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி குத்தினோம். அவர் திட்டவில்லை. "பழகோணுமில்ல கண்ணு, குத்து" என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தார். அதே மாடியில் பணம் கட்டிப் படுத்திருந்த தனி அறைக்காரர்களிடம் எங்களை நெருங்கவே விடவில்லை. வார்டு பள்ளிக்கூடம்தான். அங்கே ஃபீஸ் கட்டியது எப்போதும் இலவச வார்டு.

அன்றைக்கு எங்களுக்குத் தெரியாதிருந்ததில் பாதி, ஒரு பிளாஸ்டிக் கையிலேயே பழகியிருக்கக்கூடியது. டூர்னிக்கே (நரம்பு புடைக்கக் கையை இறுக்கும் பட்டை) எங்கே கட்டுவது, ஊசியை எவ்வளவு சாய்த்து நுழைப்பது, பின்னால் ரத்தம் தெரிந்ததும் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு குழாயை மட்டும் எப்படி முன்னால் தள்ளுவது. பச்சை 18, ரோஸ் 20, நீலம் 22, மஞ்சள் 24 என்று சைஸ் பார்த்து எடுப்பது. இதற்கெல்லாம் ஒரு அம்மாயி தேவையில்லை. நரம்பே தட்டாத கையில் எங்கே தேடுவது என்பதற்குத்தான் அவர் தேவை. அதற்கும் அவரைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் டியூட்டர் நிற்க வேண்டும்.

ஜூன் 9

பொம்மைப் பயிற்சி பலன் தரும் என்பதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மாநில நர்சிங் போர்டுகளின் தேசியக் கவுன்சில் 2014-ல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 10 கல்லூரிகள், 600-க்கும் மேற்பட்ட மாணவர்கள். அவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வார்டு நேரத்தில் 10 சதவீதத்துக்குள் சிமுலேஷன், அடுத்ததற்கு 25 சதவீதம், மூன்றாவதற்கு 50 சதவீதம். படிப்பு முடிக்கும்போது அறிவிலும், வேலைத் திறனிலும், லைசென்ஸ் தேர்வில் தேறியதிலும் மூன்று குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வேலைக்குப் போன பிறகும் ஆறு மாதம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அப்போதும் அப்படித்தான்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லோரும் அதற்கென்றே தனியாகப் பயிற்சி பெற்றவர்கள். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து பேசும் முறையைக்கூட எல்லாக் கல்லூரியிலும் ஒன்றாக வைத்திருந்தார்கள். நம் பக்கம் பலர் ஆய்வின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் பொம்மை வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

ஜூன் 9, சாயந்திரம்

பொம்மை இருந்தால் வார்டு வேண்டாம் என்று நான் சொன்னதாக ஒருவர் எழுதியிருக்கிறார். நான் எங்கே சொன்னேன்? பி.எஸ்சி நர்சிங் கல்லூரிக்கு 100 படுக்கைச் சொந்த ஆஸ்பத்திரி இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்றும் கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது கணக்கைத்தான் நீங்கள் நேரில் போய் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கட்டிலைச் சுற்றி ஏழெட்டு வெள்ளைக் கோட்டு நின்றால் அது போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) இல்லை, எட்டிப் பார்ப்பது.

ஜூன் 12

கண்காட்சி என்று காங்கயத்துக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதை நான் அவசரமாகத் தாண்டிப் போனேன் என்று ஒரு தங்கை குத்திக் காட்டியிருக்கிறார். சொல்கிறேன்.

முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் பல லட்ச ரூபாய் பொம்மை ஒன்று இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன். கண்ணாடிக் கதவு போட்ட அறை, சாவி ஆபீஸில். இன்ஸ்பெக்‌ஷன் வரும் வாரத்தில் பாலிதீன் உறையைக் கழற்றுவார்கள், போனதும் மாட்டுவார்கள். நெஞ்சை அமுக்கினால் ஸ்பிரிங் தேய்ந்துவிடும் என்று நிர்வாகத்தில் ஒருவர் உண்மையிலேயே சொன்னார். தேயத்தானே வாங்கினது! மாணவிகள் அதற்கு "பெரிய வீட்டு மாப்பிள்ளை" என்று பெயர் வைத்திருந்தார்கள். தொட முடியாது, பேச முடியாது, வருஷம் ஒருமுறை தரிசனம்.

அதே கல்லூரியில் ரப்பர் கிழிந்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டிய பழைய பாதி உடம்புப் பொம்மை ஒன்றும் இருந்தது. அங்கே சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கி, மூச்சுக் கொடுப்பது) ஒழுங்காகச் செய்யத் தெரிந்த ஒவ்வொருத்தியும் பழகியது அதில்தான். ஆகவே லேபுக்குப் போனால் பொம்மையின் விலையை விசாரிக்காதீர்கள். ரப்பர் எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஜூன் 15

ஞாயிற்றுக்கிழமை. நேரம் இருக்கிறது. நாங்கள் நடத்தும் ஒரு பயிற்சியை முழுதாக எழுதுகிறேன், அப்போதுதான் நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும்.

வெளியிலிருந்து வாங்கும் பயிற்சிக் கதைகளில் நோயாளி எப்போதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மானிட்டரோடு, நல்ல வெளிச்சத்தில் சாய்வார். நம் பக்கம் மனிதர் எங்கே சாய்கிறார்? தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்), ராத்திரி, திண்ணையில் கிடக்கும் கயிற்றுக் கட்டிலில். அதனால் லேபில் ஒரு கயிற்றுக் கட்டிலை வாங்கிப் போட்டோம். பொம்மையை அதில் கிடத்தி, லைட்டை அணைத்துவிட்டு, இரண்டு மாணவிகளை உள்ளே அனுப்புவோம். "அப்பாரு பேச்சு மூச்சில்லாம கெடக்கறாருங்க" என்பது மட்டும்தான் அவர்களுக்குக் கிடைக்கும் தகவல்.

முதல் தடவை உள்ளே போகிறவர்களில் பெரும்பாலோர் கட்டிலிலேயே நெஞ்சை அமுக்கத் தொடங்குவார்கள். பெரியவர்களுக்கு நெஞ்சு குறைந்தது 5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். இதைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஆனால் கயிற்றுக் கட்டிலில் இறங்குவது நெஞ்சு அல்ல, கயிறு. கை இறங்குகிறது, வேர்வை கொட்டுகிறது, நெஞ்சு சரியான ஆழத்துக்கு இறங்கினால் பொம்மைக்குள் கேட்கும் கிளிக் சத்தம் மட்டும் வரவே இல்லை. தரையில் இறக்க வேண்டும் என்று ஒருத்திக்குத் தோன்ற நேரம் பிடிக்கும்.

தோன்றியதும்தான் அடுத்த சிக்கல். எங்கள் லேப் உதவியாளர் அக்கா சொந்தக்காரராக நடிப்பார். அறச்சலூர்ப் பக்கத்துக்காரர், ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர். பொம்மையைத் தூக்கக் கை வைத்த நொடியில், "அய்யோ, உசுரோட இருக்கற மனுசனைக் கீழ போடாதீங்க சாமி" என்று மேலே விழுந்து தடுப்பார். கட்டிலை விட்டு இறக்கித் தரையில் கிடத்துவது நம் பக்கம் எப்போது நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நகர்ப்புறத்துப் பிள்ளைகள் திகைத்து நின்றுவிடுவார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கை இன்னும் நடுங்கும், ஏனென்றால் அவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஒருத்தி செய்ததை மறக்க மாட்டேன். அக்காவின் கையில் டார்ச்சைத் திணித்தாள். "அப்பாரைப் பொழைக்க வெக்கத்தானுங்க தரைக்கு எறக்கறோம். நீங்க தலைமாட்டுல உக்காந்து வெளிச்சம் காட்டுங்க, எனக்குக் கண்ணு தெரியல." அக்கா அழுகையை நிறுத்திவிட்டு உண்மையிலேயே டார்ச் அடித்தார். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. நானும் சொல்லிக் கொடுத்ததில்லை.

முடிந்ததும் லைட்டைப் போட்டு, வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். டீப்ரீஃபிங் என்பார்கள். ஆட்டம் பத்து நிமிஷம் என்றால் பேச்சு அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும், கூடினால் நல்லது. "ஏன் கட்டிலிலேயே அமுக்கினே?" என்று நான் கேட்க மாட்டேன். அப்படிக் கேட்டால் "சாரி மேம்" என்பதோடு முடிந்துவிடும். "கை இறங்குது, கிளிக் வரல. அப்ப உன் மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேட்டால் பேசுவார்கள். போன வருஷம் ஒருத்தி சொன்னாள், "தப்புன்னு தெரிஞ்சுது மேம். நிறுத்தினா நீங்க மார்க் குறைப்பீங்கன்னு நிறுத்தல." இந்த ஒரு பதிலுக்காகவே அந்தக் கட்டிலுக்குக் கொடுத்த காசு தகும். வேலைக்குப் போன பிறகும் இதே பயத்தில்தான் பலர் தப்பென்று தெரிந்த வேலையைத் தொடர்ந்து செய்கிறார்கள்.

ஜூன் 16

கயிற்றுக் கட்டிலை யார் வாங்கிக் கொடுத்தது, பில் எந்தத் தலைப்பில் போட்டீர்கள் என்று கேட்ட கணக்குப்பிள்ளைக்கு: லேப் ஃபர்னிச்சர்.

நெஞ்சை அமுக்கும் வேகத்துக்குத் தறிச் சத்தத்தைக் கேட்டு எண்ணச் சொல்லலாமே என்று சோமனூர்க்காரர் சொல்கிறார். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் தறிக்குத் தறி வேகம் மாறும். ஃபோனில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் ஆப்) நிமிஷத்துக்கு 110-ல் வைத்துக்கொள்வோம், சண்டை வேண்டாம்.

ஜூன் 21

செலவில்லாத பயிற்சி உண்டா என்று தாராபுரத்திலிருந்து ஒரு டியூட்டர் கேட்டார். உண்டு. ரத்தம் வேண்டுமா? ஈரோட்டில் மஞ்சளுக்கா பஞ்சம். மஞ்சள் தூளைக் கரைத்துக் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்தால் சிவந்துவிடும். கெட்டியாக வேண்டுமென்றால் மைதாக் கஞ்சி. கையுறை போட்டுக்கொண்டு கலக்குங்கள், சுண்ணாம்பு தோலை அரிக்கும். முதல் தடவை தாம்பாளத்தில் கொண்டுவந்தபோது லேப் அக்கா, "யாருக்குங்க ஆலாத்தி?" என்றார். துணியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் நாலைந்து நாள் போட்டால் வெளுத்துவிடும்.

இதை வைத்துச் செய்யும் பயிற்சி விளையாட்டு அல்ல. பிரசவத்துக்குப் பின் 500 மில்லி ரத்தம் போனாலே அதிக ரத்தப்போக்கு என்று கணக்கு. சிசேரியன் என்றால் 1000. ஆனால் துணியில், பேடில், கட்டிலடியில் சிதறிக் கிடப்பதைப் பார்த்து அளவு சொல்ல எல்லோருக்கும் வராது. நான் 500 மில்லியை அளந்து ஒரு பழைய சேலையிலும், பேடிலும், தரையிலுமாக ஊற்றிவிட்டு எவ்வளவு என்று கேட்பேன். 200, 250 என்றுதான் சொல்வார்கள். அனுபவம் உள்ள ஸ்டாஃப்களும் குறைத்தே சொல்கிறார்கள். உண்மை அளவைச் சொன்னதும் அறை அமைதியாகிவிடும். குறைத்துச் சொன்னால் டாக்டரைத் தாமதமாகக் கூப்பிடுவோம், அவ்வளவுதான் விஷயம். அடுத்த தடவை துணியை எடைபோட்டுப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். நனைந்த துணியின் எடையிலிருந்து காய்ந்த துணியின் எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு மில்லி.

ஜூன் 22

பொம்மையே வெள்ளைக்காரன் ஏமாற்று வேலை என்று ஒரு பெரியவர். ஏனுங்க, நம் பழைய வைத்திய நூலான சுசுருத சங்கிதையிலேயே இருக்கிறதே! அறுக்கப் பழக பூசணி, சுரைக்காய், வெள்ளரி. கட்டுப் போடப் பழக துணியால் செய்த ஆள் உருவம். நோயாளி மேல் கை வைப்பதற்கு முன் இதில் பழகு என்று தனி அத்தியாயமே உண்டு. காங்கயத்துக்காரரே, சுரைக்காய் திரும்ப வந்துவிட்டது பாருங்கள்.

வெளிநாட்டுக் கதையும் சுவையானதுதான். நர்சிங் மாணவிகளுக்கென்று முதலில் பேர் வாங்கிய ஆள் அளவுப் பொம்மை மிஸஸ் சேஸ். 1911-ல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு ஆஸ்பத்திரிக்குச் செய்து கொடுத்தவர் குழந்தைகளுக்குத் துணிப் பொம்மை செய்து விற்ற மார்த்தா சேஸ் என்ற பெண். சி.பி.ஆர். பொம்மையான ஆனியைச் செய்தவரும் விளையாட்டுப் பொம்மைக்காரர்தான், நார்வேயின் ஆஸ்மண்ட் லேர்டால், 1960. நெஞ்சை வெளியிலிருந்து அமுக்கியே ரத்தத்தை ஓட்டலாம் என்று பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு அறிவித்ததும் அதே 1960. ஆனியின் முகம், பாரிஸில் சேன் நதியில் மூழ்கிய பெண்ணின் முகவார்ப்பு என்று சொல்வார்கள். வார்ப்பு உண்மை. மூழ்கிய கதையைப் பலர் நம்புவதில்லை, நீரில் கிடந்த முகம் அவ்வளவு தெளிவாக இருக்காது என்பது அவர்கள் வாதம்.

ஜூன் 29

மேலே போய் எழுதினதையெல்லாம் படித்துப் பார்த்தேன். பொம்மைக்கு ரொம்பத்தான் வக்காலத்து வாங்கியிருக்கிறேன். எதிர்ப்பக்கத்தையும் எழுதிவிடுகிறேன்.

பொம்மைக்கு வாசனை கிடையாது. அழுகின புண்ணின் வாடையோடு முகம் சுளிக்காமல் டிரெஸ்ஸிங் செய்வதை எந்த லேபும் பழக்காது. பொம்மை வெட்கப்படாது. 70 வயது ஆத்தாவுக்கு யூரின் டியூப் போடும்போது திரையை இழுத்துவிட்டு, முழங்காலுக்கு மேலே சேலையை எவ்வளவு மெதுவாக நகர்த்த வேண்டும் என்று அது சொல்லாது. எல்லாவற்றுக்கும் மேல், பொம்மை சுற்றி வளைத்துப் பேசாது. ஸ்பீக்கர் வைத்த பொம்மை "எனக்கு நெஞ்சு வலிக்கிறது" என்று சுத்தமாகச் சொல்லும். நம் ஆள் அப்படியா சொல்வார்? "ஒண்ணுமில்லைங்க, வாயுப் பிடிப்பு. ராத்திரி மொச்சைக்கொட்டை தின்னது. ஒரு சோடா குடிச்சாச் சரியாப் போயிரும்." சொல்லும்போதே நெற்றியில் வேர்த்திருக்கும். இந்த ஆளுக்கு வந்த 10 நிமிஷத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும், வாயு மாத்திரை கொடுத்து பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது.

அதனால் பேச்சு சம்பந்தப்பட்ட எதற்கும் மனிதரைத்தான் நடிக்க வைக்கிறோம். கேன்டீன் அண்ணன் வாயுப் பிடிப்புக்காரராக நடித்தால் ஆஸ்கர் கொடுக்கலாம். திருப்பூரில் போஸ்டிங் போகும் பிள்ளைகளுக்காக, ஹாஸ்டல் கட்டட வேலைக்கு வந்திருந்த ஒடிசாத் தம்பி ஒருவரைக் கேட்டு, அவர் மொழியிலேயே வயிற்று வலி சொல்ல வைத்தோம். பாதிப் பேர் சத்தமாகத் தமிழில் பேசினால் புரிந்துவிடும் என்று நினைத்தார்கள். ஒருத்தி மட்டும் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, அவர் விரலைப் பிடித்து எங்கே என்று வைக்கச் சொன்னாள்.

ஜூன் 30

பாம்புக்கடி பற்றிக் கேட்டவருக்கு. கட்டுவிரியன் கதையை மனித நடிகரை வைத்துத்தான் நடத்த முடியும். தரையில் படுத்துத் தூங்கியவர், விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி. கடித்த தடம் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கண் இமை தொங்கும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சுத் தசை நிற்கும். வயிற்று வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டால் முடிந்தது கதை. "எங்க படுத்திருந்தீங்க?" என்ற கேள்வி மாணவி வாயிலிருந்து வருகிறதா என்பதுதான் இங்கே தேர்வு. மூச்சு குறைந்தால் விஷமுறிவு மருந்துக்குக் காத்திராமல் ஆம்பு பேக்கால் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) காற்றுக் கொடுக்க வேண்டும். இதைப் பொம்மையில் பழகலாம், கை வலிக்கும் வரை.

கண்ணாடி விரியனுக்கு 20 நிமிஷ ரத்த உறைவுச் சோதனை. காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, 20 நிமிஷம் கழித்து ஒரே ஒருமுறை சாய்த்து, உறைந்திருக்கிறதா என்று பார்ப்பது. நடுவில் நாலு தடவை எடுத்து ஆட்டிப் பார்க்கும் பழக்கத்தை லேபிலேயே ஒழித்துவிட வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவின குழாயும் கூடாது. கட்டுவிரியன் கடியில் இந்தச் சோதனை நார்மலாகத்தான் வரும், அதை நம்பி அனுப்பிவிடாதீர்கள்.

ஜூலை 6

பாராமெடிக்கல் பிள்ளைகளை மறந்துவிட்டீர்களே என்று 108-ல் ஓடும் ஒரு தம்பி கோபப்பட்டிருக்கிறார். நியாயம்.

தமிழ்நாட்டில் 108 வந்தது 2008 செப்டம்பரில். வண்டியில் ஒரு ஈ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்), ஒரு பைலட் (டிரைவர்), அவ்வளவுதான் ஆள். நர்சிங் படித்தவர், லேப் டெக்னீஷியன் படித்தவர், பி.எஸ்சி விலங்கியல் படித்தவர் என்று பல பக்கமிருந்து வந்து ஈ.எம்.டி. ஆகிறார்கள். ஆஸ்பத்திரியில் தப்பு செய்தால் பக்கத்தில் இன்னொருவர் பார்ப்பார். சாளையில் யார் பார்ப்பது? எனக்குக் கேட்டால், நர்சிங் மாணவியைவிட இவர்களுக்குத்தான் சிமுலேஷன் முதலில் தேவை.

தம்பி சொல்வதை அப்படியே தருகிறேன். "அக்கா, கேஸைவிட எடந்தான் கஷ்டம். மெயின் ரோட்டுல இருந்து மண் ரோடு, அங்கிருந்து வரப்பு, ஸ்ட்ரெச்சர் உருளாது, நாய் வேற. 'கோயில் தாண்டி ரண்டாவது தோட்டம்'பாங்க, எந்தக் கோயில்?" அதனால் அவர்களுக்கான பயிற்சியை நான் ஏசி அறையில் வைக்க மாட்டேன். பொம்மையை வாழைத்தோட்டத்தில் போட்டுவிட்டு, போர்வையில் தூக்கி வண்டிவரை கொண்டுவரச் சொல்வேன். தென்னையிலிருந்து விழுந்தவர் என்றால், கழுத்தும் முதுகும் திரும்பாமல் நாலு பேர் ஒரே நேரத்தில் புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். இருப்பது இரண்டு பேர். மீதி இரண்டு பேர் அங்கே நிற்கும் மச்சான்கள். முன்பின் தெரியாத மச்சான்களை ஒரே நிமிஷத்தில் பழக்குவதையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். தலையைப் பிடித்திருப்பவர் எண்ணிச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் அசைய வேண்டும், இந்த ஒன்றைச் சொல்லிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. ஓடும் வண்டியில் நெஞ்சை அமுக்கினால் ஆழமும் சீரும் கெடும், அமுக்குகிறவரும் விழுந்து அடிபடுவார். சாய்ந்த இடத்திலேயே பைலட்டும் சேர்ந்து நல்லபடியாக அமுக்குவது மேல். ஆனால் சொந்தக்காரர்கள், "என்னங்க இன்னும் வண்டிய எடுக்காம நிக்கறீங்க" என்று கதவைத் தட்டுவார்கள். அந்தத் தட்டலையும் நாங்கள் பயிற்சியில் வைக்கிறோம். வெளியே நாலு பேரை நிறுத்தி வண்டியைத் தட்டச் சொன்னால் போதும்.

ஜூலை 7

விலா எலும்பு உடையும், அதனால் மெதுவாக அமுக்குங்கள் என்று யாரோ எழுதியிருப்பது ஆபத்தான யோசனை. உடையலாம், வயதானவர்களுக்கு அடிக்கடி உடையும். இதயம் நின்றுபோனவருக்கு அது இரண்டாம் பட்சம். கை வைத்த இடம் சரியா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். பொம்மையில் பழகின பிள்ளை முதல் தடவை நிஜ நெஞ்சில் அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுகிறாள், ஏனென்றால் பொம்மையில் எலும்பு உடைந்ததே இல்லை. இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 30

ஆடிப்பெருக்கு வருகிறது. பவானி கூடுதுறை, கொடிவேரி எல்லாம் கூட்டம் அம்மும். தண்ணீரில் இருந்து தூக்கியவரைத் தலைகீழாகச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் கூடாது. நேரம் போகும், வயிற்றில் இருப்பது நெஞ்சுக்குள் இறங்கும். மூழ்கியவருக்கு முதலில் போனது மூச்சு. ஆகவே வாய்வழிக் காற்றோடு சேர்த்துத்தான் சி.பி.ஆர்., வெறும் அமுக்கல் போதாது. 30 அமுக்கலுக்கு 2 மூச்சு. இந்த வாரம் எங்கள் பிள்ளைகளுக்கு நனைந்த பொம்மையில்தான் வகுப்பு. வழுக்குகிறது, திட்டிக்கொண்டே செய்கிறார்கள்.

ஆகஸ்ட் 10

காங்கயத்துக்காரர் திரும்ப வந்து, இரண்டு கல்லூரிக்கும் மறுபடி போய்ப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஏசி ஹாலில் "பொம்மையை அமுக்கிப் பார்க்கலாமா?" என்று கேட்டாராம். டெக்னீஷியன் லீவு, சாவி இல்லை என்றார்களாம். இரண்டாவது இடத்தில் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் சாயந்திரம் தாங்களாகவே லேபைத் திறந்து ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்களாம், மூக்கு நுனியிலிருந்து காது, காதிலிருந்து நெஞ்சுக் குழி என்று டியூபை அளந்தபடி. அங்கேயே சேர்த்துவிட்டார். சந்தோஷம். ஏசி இருக்கும் எல்லா லேபும் பூட்டித்தான் கிடக்கும் என்று யாரும் இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். கோயமுத்தூரில் ஏசியும் இருந்து ரப்பரும் கிழிந்த லேப்களை நானே பார்த்திருக்கிறேன்.

பொண்ணுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஸ்டெதாஸ்கோப் கல்லூரியிலேயே சொல்வார்கள், அவசரப்பட வேண்டாம். நொடிமுள் உள்ள சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். நாடி பார்க்க ஃபோனை எடுத்தால் வார்டு சிஸ்டர் பிடுங்கிவிடுவார்.